மறக்கத் தெரிந்த பெட்டி

அத்தியாயம் 14: அம்பு நடுங்கியது

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நாமக்கல்லில் தலைக்கு மேல் கூரையில்லாமல் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு நிற்கிறாரே ஆஞ்சநேயர், அவர் மேல் ஆணை. ஒரு கூரைகூட வேண்டாமென்று நிற்கிறவர் யாருக்காகவும் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டார். அவர் மேல் ஆணையிட்டுப் பொய் சொன்ன ஒருவன் தாடை கோணிப்போய், அன்றிலிருந்து முட்டையை முழுசாகத்தான் விழுங்குகிறான். வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற இடத்தில் இருக்கிறது தண்டாயுதபாணியின் கோழிப்பண்ணை. பண்ணையை ஒட்டி வீடு. மகன் மதன் முட்டையைக் கவனிக்கிறான். மருமகள் மோகனப்பிரியா கம்ப்யூட்டரைக் கவனிக்கிறாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியறையில் உட்கார்ந்திருக்கும் தீனதயாளனும் அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களுக்கானது. பெட்டி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், ஆனால் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். செருகினால் எழும். பேர் கேட்காது, போன் நம்பர் கேட்காது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று பின்னாலேயே வராது. அணைத்தால், நீங்கள் வந்துபோனதே அதற்கு நினைவிருக்காது.

அதைத் தொட்டுப் பார்த்த முதல் புதியவர் தண்டாயுதபாணிதான்.

அவருக்குப் போன் என்றாலே பயம். முட்டிவலி என்று மனைவி நல்லம்மாளிடம் மட்டும்தான் சொன்னார். சாயங்காலமே போனில் முட்டித் தைலம் விளம்பரம் வந்தது. "உள்ள பேய் இருக்குது அம்முணி, கேட்டுக்கிட்டே கெடக்குது" என்று போனை அரிசி அண்டாவுக்குள் வைத்து மூடிவிட்டார். அப்படிப்பட்டவரை உட்காரவைத்துத்தான் மோகனப்பிரியா முதல் திரையைக் காட்டினாள். தீனதயாளன் அதில் ஏழு கேள்வி வைத்திருந்தான். கிழவர் முதல் கேள்வியிலேயே எழுந்துவிட்டார்.

"ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா மொதல்ல தண்ணி குடுப்பியா, ஆதார் கார்டு கேப்பியா?"

ஏழு கேள்வியும் போயிற்று. அணைக்கிற பொத்தானில் 'மறந்துவிடு' என்று எழுதச் சொன்னதும் அவர்தான். அவருக்குக் கை நடுங்கும். மவுஸைப் பிடித்தால் திரையில் அம்பு காய்ச்சல்காரன் மாதிரி உதறும். நடுக்கத்தை மட்டுப்படுத்த அவள் ஒரு வசதி செய்து கொடுத்தாள். வேண்டாமென்றார். "அம்பு நடுங்கட்டும். என் கை எதுன்னு எனக்குத் தெரியோணுமில்ல?"

பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை தண்டாயுதபாணி போய்ச் சேர்ந்தார். அவர் அறையில் கம்ப்யூட்டர் அப்படியே இருந்தது, ஆயுத பூஜைக்கு நல்லம்மாள் வைத்த சந்தனப் பொட்டோடு. பொட்டு சரியாகக் கேமராவின் கண்ணில் விழுந்திருந்தது. கேமராவை எப்படி மூடுவது என்று தீனதயாளன் ஒரு கோடை முழுக்க யோசித்துக்கொண்டிருந்த காரியம் அது.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் பொழுது சாய, மோகனப்பிரியா தன் கையாலேயே 'மறந்துவிடு'வை அழுத்தினாள். அமாவாசை காலையில் அறைக்குள் போனால், கம்ப்யூட்டர் விழித்திருந்தது. எழுத்தெல்லாம் பூதாகாரம், மாமாவின் கண்ணுக்கு வேண்டிய அளவு. திரையில் அன்றைய முட்டை விலை. நாற்காலியில் யாரும் இல்லை.

இனி இந்த வாரம்.

*

மோகனப்பிரியா கதவைச் சாத்திவிட்டுத் தீனதயாளனுக்குப் போன் போட்டாள்.

"தீனா, இன்னைக்கு வெளியிட வேண்டாம்."

"என்னங்க மோகனா, சாயங்காலம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. என்ன கோளாறு?"

"மறக்க மாட்டேங்குது."

மற்ற எந்தக் கோளாறானாலும் தீனதயாளன் சிரித்திருப்பான். மறந்துவிடுவேன் என்று சொல்லித்தான் இந்தப் பெட்டியை ஜனங்கள் கையில் கொடுக்கப்போகிறார்கள். புருஷனுக்குத் தெரியாமல் வக்கீலைத் தேடுகிறவள், வீட்டுக்குத் தெரியாமல் வியாதியைப் படிக்கிறவன் எல்லாரும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உட்காருவார்கள். அது பொய்யென்றால் பெட்டியும் பேய்தான்.

"எதை நெனப்பு வெச்சிருக்கு?"

"மாமாவை."

"...யாருங்க?"

"எங்க மாமனாரை, தீனா."

"சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிங்க" என்றான் தீனதயாளன், குரல் கொஞ்சம் இறங்கி. "இல்லைன்னா நானே நிறுத்திடறேன்."

அவள் அணைத்தாள். திரும்பவும் எழுப்பினாள். எழுத்து சின்னதாக, திரை வெறுமையாக, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி வந்து நின்றது பெட்டி. மறுபடியும் அணைத்து எழுப்பினாள். அதே வெறுமை. மாமா காலையில் மட்டும்தான் வருவார் போல.

சமையலறையில் படையலுக்கு வடை வெந்துகொண்டிருந்தது. நல்லம்மாள் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தாள். படையல் பலகாரத்தில் மூச்சுக்காற்றும் படக்கூடாது. அந்தக் கட்டோடுதான் பேசினாள்.

"என்ன அம்முணி, மூஞ்சி செத்துக் கெடக்குது?"

"ஏனுங்கத்தை, மாமா ரூமுக்குக் காலைல யாராச்சும் போனாங்களா?"

"போனேன்."

"யாரு?"

"நாந்தான். தெனமும் போறேன். உனக்குத் தெரியாதா?"

"போயி?"

நல்லம்மாள் வாய்க்கட்டை அவிழ்த்தாள். சொல்லப்போவது பெரிய விஷயமில்லை என்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுத்தைப் பெருசாக்கி வெப்பேன். முட்டை வெலையைத் தொறந்து வெப்பேன். ஒரு டம்ளர் காப்பி வெப்பேன். அவரு எந்திரிச்சதும் செய்யறதுதானே? அமாவாசைக்கு மட்டும் எலை போட்டாப் போதுமா? மத்த நாளெல்லாம் அந்த மனுசன் எங்க போவாரு?"

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னீங்களே!"

"தெரியாது. அவரு கையைத் தெரியும். பொறத்தால நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். மூலையில இருக்கற கட்டையையும் அந்தக் கூட்டல் குறியையும் சேத்து அமுக்குவாரு, எழுத்து வளரும். அதைத்தான் நானும் அமுக்கறேன். காப்பி ஆறினதும் அணைச்சுருவேன், இன்னைக்குப் படையல் வேலைல அப்படியே வந்துட்டேன். மத்ததெல்லாம் எனக்கெதுக்கு?"

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பெட்டி மறந்துதான் போயிருந்தது, ஒவ்வொரு ராத்திரியும், சத்தியமாக. மறக்காதது அத்தை. இறந்தவருக்குப் பிடித்ததை எடுத்து வைக்கிற ஊரில், ஒரு பெண்பிள்ளை புருஷனுக்குப் பிடித்த திரையை எடுத்து வைத்திருக்கிறாள். இதை எந்த இயங்குதளம் தடுக்கும்?

தீனதயாளனை அழைக்கப் போனை எடுத்தாள்.

"அந்த அம்பை மட்டும் நான் ஆட்டறதில்ல, ஆமா" என்றாள் நல்லம்மாள், வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

"எந்த அம்பு?"

"அதான், அந்த வெள்ளை அம்பு. முட்டை வெலையைத் தொறந்ததும் தானா வரும். வெலை மேல வந்து நின்னு ஒதறும். காப்பி ஆறுற வரைக்கும் நிக்கும். பொறவு போயிரும்."

வடை எண்ணெயில் பொரிகிற சத்தம் ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

*

இரண்டு பேரும் அறைக்குள் போனார்கள். நல்லம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. எப்போதும் போல அதன் பின்னால் நின்று, எட்டி, கட்டையையும் கூட்டல் குறியையும் அமுக்கினாள். எழுத்து வளர்ந்தது. முட்டை விலை வந்தது.

அம்பு ஒரு மூலையில் சும்மா கிடந்தது. பிறகு, கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. நடந்து வந்து விலைக்கு மேல் நின்று நடுங்க ஆரம்பித்தது.

மோகனப்பிரியாவுக்கு அந்த நடுக்கம் தெரியும். அதை அளந்தவளே அவள்தான். இடப்பக்கம் சின்னதாக, வலப்பக்கம் கொஞ்சம் பெரிதாக, நடுவில் ஒரு பெருமூச்சு விடுகிற இடைவெளி. ஊரில் எத்தனையோ பேருக்குக் கை நடுங்கலாம். இது இன்னொருவருக்கு வராது.

மவுஸின் வாலைப் பிடுங்கினாள். கையில் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள்.

அம்பு நடுங்கிக்கொண்டேயிருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். வெளியே சத்தமே இல்லை. ஷெட்டில் ஆயிரக்கணக்கான கோழிகள். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஓயாத வாய்கள். பழகின ஆள் உள்ளே காலெடுத்து வைக்கிறபோது மட்டும் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கும். கழுத்தைத் தூக்கிப் பார்க்கும்.

இப்போது அடங்கியிருந்தன.

"வந்துட்டீங்களா?" என்றாள் நல்லம்மாள், நாற்காலியின் முதுகைத் தொட்டு, மெதுவாக. "வெலை பரவால்லைங்களா?"

வாசலில் வண்டி நின்றது. மோகனூர் போய்க் காவிரியில் அப்பனுக்குத் திதி கொடுத்துவிட்டு மதன் ஈரவேட்டியோடு உள்ளே வந்தான்.

"ஏன், ரெண்டு பேரும் இங்க நின்னுக்கிட்டு... கோழியெல்லாம் எதுக்கு உசிரடங்கிக் கெடக்குது?"

மோகனப்பிரியா திரையைக் காட்டினாள். மதன் பார்த்தான். அவள் கையிலிருந்த மவுஸைப் பார்த்தான். வேட்டித் தலைப்பிலிருந்து காவிரி சொட்டியது.

"ஏனுங்க, திதி குடுத்துட்டீங்கதானே?"

"குடுத்தேன். எள்ளு, தண்ணி, பிண்டம், எல்லாம். நல்லபடியா போய் வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன்." மதன் திரும்பத் திரையைப் பார்த்தான். "எனக்கு முன்னால வந்துட்டாரே!"

"அவரு என்னைக்குடா பஸ்ஸுக்குக் காத்து நின்னாரு?" என்றாள் நல்லம்மாள்.

*

தீனதயாளன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல வேலைக்காரன்.

"பழைய பென்டிரைவ்ல ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு. அதைத் தூக்கி வைங்க. நான் போன வாரம் அனுப்பின புதுசு இருக்கில்ல, பிரிக்காதது? அதைப் போட்டு எழுப்புங்க. யாரும் எதையும் தொடக்கூடாது. அம்பு சும்மா இருந்தா பெட்டி யோக்கியம், வெளியிடலாம். அசைஞ்சா..."

"அசைஞ்சா?"

"மூணு வருச வேலைங்க, மோகனா. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

அவள் புதிய பென்டிரைவின் உறையைக் கிழித்தபோது நல்லம்மாள் போய்த் தலை சீவிக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தாள். பிறகு மருமகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புதுசுலயும் வருவாருல்ல?"

வரவேண்டுமென்று வேண்டிக்கொண்டு ஒருத்தி, வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டு ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தை முகம் பார்க்கக் கூசி அவள் கீபோர்டைப் பார்த்தாள். கூட்டல் குறி மட்டும் தேய்ந்து பளபளவென்றிருந்தது.

பெட்டி எழுந்தது. 'வாங்க' என்றது திரை. அந்த ஒரு வார்த்தைதான் இருக்கவேண்டுமென்று மாமா சொல்லியிருந்தார்.

எழுத்து சின்னது. முட்டை விலை இல்லை. அம்பு நடுவில், செத்தது மாதிரி அசையாமல்.

காத்திருந்தார்கள். மதன் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து கதவோரம் நின்றான். வெளியே கோழிகள் தம் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. இலையில் வடை ஆறியது. நல்லம்மாளின் விரல்கள் மடியில் பிரிந்து, கோத்து, பிரிந்தன. கூட்டல் குறிக்குப் போகத் துடிக்கிற விரல்கள். போகவில்லை.

அம்பு அசையவில்லை.

"பழசைப் போடு" என்றாள் நல்லம்மாள்.

போட்டாள். நல்லம்மாளே எழுத்தைப் பெரிதாக்கினாள், முட்டை விலையைத் திறந்தாள். அம்பு மூலையிலேயே கிடந்தது. பழசிலும் இல்லை. புதுசிலும் இல்லை.

"அத்தை..."

"வந்தவரைச் சோதிச்சுப் பாத்தா நிப்பாரா, அம்முணி? ரோசக்காரரு." நல்லம்மாள் எழுந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மோகனப்பிரியாவுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். "உம்மேல தப்பில்ல. மறக்கோணும்னு செஞ்சே. மறந்துருச்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டே. நல்லா இரு."

பழைய பென்டிரைவைப் பிடுங்கி முந்தானை நுனியில் முடிந்துகொண்டு, இலை எடுக்கப் போய்விட்டாள்.

மதன் கதவை விட்டு நகரவில்லை. "நல்லதுதானே? பாஸாயிடுச்சுல்ல?" என்றான்.

"ஆமாங்க. பாஸாயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு அழுவறே?"

அவள் போனை எடுத்துத் தீனதயாளனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "விடுங்க."

*

பொழுது இறங்க, பெட்டி ஊருக்குள் போனது. யார் இறக்கிக்கொள்கிறார்கள் என்று மோகனப்பிரியாவுக்கும் தெரியாது, தீனதயாளனுக்கும் தெரியாது. அப்படித்தான் செய்திருந்தார்கள். அவர்களாக எழுதினால்தான் உண்டு.

காக்கைக்குப் போட்ட சோறு இன்னும் சுவர் மேலேயே இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"மோகனா, முதல் கடிதம் வந்துருச்சு!" தீனதயாளன் குரலில் சந்தோஷமும் இன்னொன்றும் கலந்திருந்தது. "சூரமங்கலத்துல ஒரு அம்மா. ரயில்வே குடியிருப்பு. பேரன் வயசுப் பையன் யாரோ பென்டிரைவ்ல போட்டுக் குடுத்திருக்கான். வாழ்க்கையிலேயே இப்பத்தான் கம்ப்யூட்டரைத் தொடறாங்களாம். யாரும் எதுவும் கேக்கலை, ரொம்ப மரியாதையா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"நல்லது, தீனா."

"கேளுங்க. கீழ ரெண்டு சந்தேகம் கேட்டிருக்காங்க." கடிதத்தைப் படித்தான். "'நான் சைவம். திறந்ததும் எனக்கு எதற்காக முட்டை விலை காட்டுகிறது? எழுத்தும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?'"

மோகனப்பிரியாவின் கை இலையிலேயே நின்றது.

"ரெண்டாவது?"

"'அம்புக்குக் குளிர்கிறதா?'"

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளால் சொல்ல முடியாது. தீனதயாளன் திரும்பப் படித்தான். மதன் சோற்றை மறந்து அம்மாவைப் பார்த்தான்.

நல்லம்மாள் முகத்தில் முதலில் வந்தது வெளிச்சம். போகவில்லை, எங்கேயோ இருக்கிறார் என்கிற வெளிச்சம். பிறகு புருவம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"சூரமங்கலமா? அங்க அவருக்கு என்ன சோலி?" போனுக்குக் குனிந்தாள். "ஏனுங்க தம்பி, அந்தம்மா பேரு போட்டிருக்குதா?"

"நாங்க பேரு கேக்கறதில்லைங்கம்மா. அவங்களாவே கீழ எழுதியிருக்காங்க. மைதிலி."

நல்லம்மாள் இலையை மடித்தாள். தன் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தாள், எழவு வீட்டில் மடிக்கிற மாதிரி. கை கழுவினாள். முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மதனு, வண்டியை எடு."

"எங்கம்மா?"

"இத்தனை வருசங்கழிச்சு, செத்த பொறவுமா அவ ஊட்டுக்குப் போயிருக்காரு?" நல்லம்மாள் செருப்பைத் தேடினாள். "எடுடா வண்டியை. நானும் அந்த அம்பைப் பாக்கோணும்."

அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக அந்த வட்டாரம் முழுக்க விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கரண்ட் கிடையாது. அந்த வீட்டு ஜெனரேட்டர் கோழி ஷெட்டுக்கு மட்டும்தான் ஓடும்; அவர் அறைக் கம்ப்யூட்டருக்குப் பாட்டரியும் கிடையாது.